உலர் விழிக்கான ஒளி சிகிச்சை

உலர் விழிக்கான ஒளி சிகிச்சை என்பது, கண்ணைச் சுற்றியுள்ள தோலில் ஒளி பாய்ச்சி, இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சீராக்கும் முறை. கண்ணுக்குள் ஒளி செல்வதில்லை, செல்லவும் கூடாது. இதில் முதன்மையானது செறிவான ஒளியைத் துடிப்புகளாகப் பாய்ச்சும் முறை. மருத்துவமனைகளில் அதை ஐபிஎல் என்பார்கள்.

கண்ணீர்ப் படலத்தின் மேல் மெல்லிய எண்ணெய் அடுக்கு ஒன்று உண்டு. கண்ணீர் விரைந்து ஆவியாகாமல் காப்பது அதுவே. அதைச் சுரக்கும் மைபோமியன் சுரப்பிகளை ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் 1666இல் விவரித்தார். மேலிமையில் 25 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் இவை வரிசையாக அமைந்துள்ளன. இவை அடைபட்டால், கண்ணீர் போதிய அளவு சுரந்தும் பயனில்லை; கண் எரியும், உறுத்தும், சிலருக்கு ஓயாமல் நீர் வடியவும் செய்யும். உலர் விழியால் அவதிப்படுவோரில் பெரும்பாலோருக்கு இந்த அடைப்பு இருக்கிறது.

ஒளியை மருந்தாக்கும் முயற்சி நவீன மருத்துவத்தில் டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென்னிடம் தொடங்குகிறது. தோல் காசநோயைக் கார்பன் வில்விளக்கின் ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903இல் அவர் நோபல் பரிசு பெற்றார். 1960இல் அமெரிக்காவின் தியடோர் மைமன் முதல் லேசரை உருவாக்கினார். அதற்கு ஆற்றல் ஊட்டியது சாதாரண செனான் மின்னல் விளக்கு. லேசருக்குக் கிடைத்த புகழில் பாதி கூட அந்த விளக்குக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பின்னாளில் ஐபிஎல் கருவியின் உயிர்நாடி ஆனது அதுதான். 1983இல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் இத்துறைக்கு அடித்தளமான கருத்தை வெளியிட்டார்கள். ஒரு நிறமி விரும்பி உறிஞ்சும் அலைநீளத்தை மிகக் குறுகிய நேரம் பாய்ச்சினால், அந்த நிறமி உள்ள இடம் மட்டும் சூடேறும், அக்கம்பக்கத் திசுக்கள் தப்பிவிடும் என்பது அதன் சாரம். 1990களில் இஸ்ரேலியப் பொறியாளர் ஷிமோன் எக்கவுஸ் முதலியோர் செனான் விளக்கைக் கொண்டு ஐபிஎல் கருவியை உருவாக்கினார்கள். காலில் புடைத்துத் தெரியும் இரத்த நுண்குழாய்களை மறையச் செய்ய அது பயன்பட்டது. முகம் சிவக்கும் ரோசேசியா நோய்க்கும் பிறகு பரவியது.

கண் மருத்துவத்துக்கு இது வந்தது தற்செயலாகத்தான். அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த கண் மருத்துவர் ரோலாண்டோ டோயோஸ், ரோசேசியாவுக்காக முகத்தில் ஐபிஎல் பெற்றவர்களுக்குக் கண் உலர்வும் தணிவதை 2000களின் தொடக்கத்தில் கவனித்தார்.

பாய்ச்சும் ஒளி ஏறத்தாழ 500 முதல் 1,200 நானோமீட்டர் வரையிலானது. வடிகட்டி ஒன்று குறுகிய அலைகளைத் தடுக்கிறது. இமை விளிம்பில் அழற்சியால் முளைத்த நுண்குழாய்களின் ஹீமோகுளோபின் இந்த ஒளியை உறிஞ்சிச் சூடேற, குழாய்கள் அடைபடுகின்றன. அவற்றின் வழியே சுரப்பிக்கு வந்த அழற்சிப் பொருள்கள் குறைகின்றன. உறைந்த எண்ணெய் இளகுவதும், இமை மயிரில் வாழும் டெமோடெக்ஸ் உண்ணிகள் குறைவதும் துணைப் பயன்கள்.

சிகிச்சையின்போது கண்கள் ஒளிபுகாக் கவசத்தால் மூடப்படும். கவசமின்றிச் செய்தபோது கருவிழிப் படலம் சிதைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. குளிர்ந்த ஜெல் தடவி, ஒரு காதருகிலிருந்து கீழிமைகளுக்கு அடியிலும் மூக்கின் மீதுமாக மறு காதருகு வரை துடிப்புகள் செலுத்தப்படும். உடனே மருத்துவர் இமையை இடுக்கியால் அழுத்துவார். தெளிந்த எண்ணெய் வரவேண்டிய துளைகளிலிருந்து பற்பசை போன்ற கெட்டிப் பொருள் பிதுங்கும். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் மூன்று நான்கு அமர்வுகள் வழக்கம். இதே நோய்க்குத் தரப்படும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை தோலை ஒளிக்குக் கூசச் செய்வதால், அதை உட்கொள்வோர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முறையின் பெரிய குறை தோல் நிறத்தைச் சார்ந்தது. ஹீமோகுளோபினுக்கு உரிய ஒளியைத் தோலின் நிறமியான மெலனினும் உறிஞ்சுகிறது. கறுத்த தோலில் புண்ணோ வெளிறிய தழும்போ உண்டாகலாம். தோலை வெளிறியது முதல் கறுத்தது வரை பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின் ஆறு வகைகளில் முதல் நான்குக்கு மட்டுமே கருவிகள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. தமிழர்களில் கணிசமானோர் ஐந்து, ஆறாம் வகையினர். மாநிறத்தவருக்கும் ஆற்றலளவைக் குறைத்தே செலுத்த வேண்டியிருக்கிறது. கறுத்த தோலினருக்கு மாற்றாக, சுமார் 633 நானோமீட்டர் சிவப்பு எல்இடி முகக்கவசம் உண்டு. அது தோலைச் சுடுவதற்குப் பதில் உயிரணுக்களைத் தூண்டுகிறது. இக்கொள்கை ஹங்கேரிய மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் 1960களில் எலிகள் மீது செய்த லேசர் சோதனைகளிலிருந்து வளர்ந்தது.

ஐபிஎல்லின் பலனுக்கு அண்மைக்காலம் வரை சான்றுகள் குறைவு. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் தகுதி பெற்றவை மூன்று சோதனைகளே, நோயாளிகள் 114 பேரே. 2021இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உலர் விழிக்கென ஒரு ஐபிஎல் கருவிக்கு அனுமதி அளித்தது. சென்னை உள்ளிட்ட நகரங்களின் தனியார் கண் மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கிடைக்கிறது. பலன் மாதக்கணக்கில் நீடித்தாலும் நிரந்தரமன்று, இடையிடையே மீண்டும் செய்துகொள்ள வேண்டும்.