ஆடுகளம் தோட்டமான வரலாறு

ஒரு நகரத்தின் வரலாற்றைக் கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் தேடுவது நம் வழக்கம். உழைக்கும் மக்கள் வாரந்தோறும் கூடிக் களித்த இடங்களுக்கும் வரலாறு உண்டு. அத்தகைய இடம் ஒன்று தன் பணி முடிந்தபின் யாருக்கு உரியதாதல் வேண்டும்? இலண்டன் மாநகரின் வடபகுதியில் உள்ள ஹைபரி என்னும் பழைய கால்பந்தாட்டக் களம் இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

1886ஆம் ஆண்டில் ஊல்விச் நகரத்துப் படைக்கலத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தோற்றுவித்த கழகமே ஆர்சனல். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பிறந்த அக்கழகம் பொருள்முடையால் நலிந்து, 1913இல் ஆற்றைக் கடந்து ஹைபரிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இறையியற் கல்லூரி ஒன்றின் விளையாட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. பெரிய வெள்ளியன்றும் கிறிஸ்துமஸ் நாளன்றும் ஆட்டம் நடத்தலாகாது என்பது குத்தகை விதிகளுள் ஒன்று. கூட்டம் பெருகினால் அமைதி குலையும் என்று அப்பகுதி மக்கள் பலர் அன்று எதிர்த்தனர். ஆயினும் இருபது ஆண்டுகள் கழிவதற்குள், 1932இல், அருகிருந்த சுரங்க இரயில் நிலையமே ஆர்சனல் என்று பெயர் மாற்றம் பெற்றது. வேண்டாத விருந்தாளியாக வந்த கழகம் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அதே 1932இல் மேற்குப் பார்வையாளர் கூடமும், 1936இல் கிழக்குக் கூடமும் ஆர்ட் டெக்கோ என்னும் அக்காலத்துப் புதுப்பாணியில் எழுந்தன. 1935ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் 73,295 பேர் இக்களத்தில் திரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நின்றுகொண்டே ஆட்டத்தைக் கண்டவர்கள்.

1989இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ களத்தில் ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைக் கொள்ளை கொண்டது. அதனை ஆராய்ந்த டெய்லர் அறிக்கை, பெரிய களங்களில் அனைவருக்கும் இருக்கை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதனை நிறைவேற்றியபின் ஹைபரியில் ஏறத்தாழ 38,000 பேரே அமர முடிந்தது. விரிவாக்கலாம் என்றால் நாற்புறமும் வீடுகள். கிழக்குக் கூடமோ 1997இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே 2006ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இறுதி ஆட்டத்தை ஆடிவிட்டுக் கழகம் அருகிலேயே எழுந்த புதிய அரங்கிற்குச் சென்றது.

எஞ்சிய களத்தை முற்றும் இடித்துத் தரைமட்டமாக்கவில்லை என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். வடக்கு, தெற்குக் கூடங்கள் மட்டுமே நீக்கப்பட்டன. கிழக்கு, மேற்குக் கூடங்களின் முகப்புகளைக் காத்து, அவற்றுள் வீடுகளை அமைத்தனர். பந்து உருண்ட புல்வெளி, அதே நீள அகலம் புலப்படும் வண்ணம், குடியிருப்போரின் பொதுத் தோட்டமாயிற்று. ஊர்திகள் நிறுத்துமிடம் நிலத்தடிக்குச் சென்றது. ஏறக்குறைய 700 வீடுகள் கொண்ட இக்குடியிருப்பு 2009இல் திறந்துவைக்கப்பட்டது. பழைய கட்டடத்தின் உருவைக் காத்துப் புதிய பயனைத் தருதல் இயலும் என்பதற்கு இது சிறந்த சான்று.

ஆயினும் ஒன்று நம் நெஞ்சில் உறுத்துகின்றது. இஸ்லிங்டன் என்னும் இப்பகுதி திறந்தவெளி மிகக் குறைந்த இலண்டன் பகுதிகளுள் ஒன்று. பல்லாயிரவர் கூடிய நிலம் இன்று சில நூறு குடும்பங்களின் முற்றம். சுவர் காக்கப்பட்டது, கூட்டம் காக்கப்பட்டதா?

இதற்கு எதிர்முனையில் அர்ஜென்டினாவின் தலைநகரான பியூனஸ் அயர்ஸ் உள்ளது. அந்நகரின் போயெதோ பகுதியில் 1916 முதல் சான் லோரென்சோ கழகத்தின் களம் இருந்தது. இராணுவ ஆட்சிக் காலத்தில், 1979இல், இறுதி ஆட்டம் நடந்தது. களம் கைமாறி, பின்னர் அங்கே பேரங்காடி ஒன்று எழுந்தது. போயெதோ மக்கள் அதனை மறக்கவில்லை. தலைமுறை கடந்தும் ஊர்வலம் சென்றனர், முறையிட்டனர். 2012இல் அந்நிலம் கழகத்திற்கு மீள வழிசெய்யும் சட்டத்தை நகரச் சட்டமன்றம் நிறைவேற்றியது. சதுர மீட்டர் கணக்கில் விலை பகுத்து, அன்பர்கள் தம் பங்கைச் செலுத்தினர். 2019இல் நிலம் கழகத்தின் கைக்கு வந்தது.

ஹைபரியில் கட்டடம் நின்றது, மக்கள் விலகினர். போயெதோவில் கட்டடம் மறைந்தது, மக்கள் விலகவில்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். பழைய களத்தைப் புதுக்க முனைவோர் முதலில் அளக்கவேண்டியது அதன் சுவர்களை அன்று. அதன் வாயில் யார் யாருக்குத் திறந்திருந்தது என்பதையே. அவ்வாயிலை அடைத்துவிட்டு முகப்பை மட்டும் பேணினால் நமக்கு அழகிய கட்டடம் ஒன்று கிட்டும்; பொதுவிடம் கிட்டாது. வளர்ந்துவரும் நம் நாட்டு நகரங்களில் பழைய மைதானங்களின் வருங்காலத்தை வரைவோரும் இதனை எண்ணிப் பார்ப்பது நலம்.