இரண்டு வீசை தங்கமும் ஆயிரம் டன் கனவும்

போன ஞாயிற்றுக்கிழமை பையன் மெட்டல் டிடெக்டர் வாங்கித் தரச் சொல்லி ஒரே அடம். எங்கேயோ ஒருவர் வயல்காட்டில் கருவியை வைத்துக்கொண்டு நடக்கிறாராம், 'கீ' என்று சத்தம் வருகிறதாம், தோண்டினால் கனமாக ஏதோ கிடைக்கிறதாம். "நம்ம லக்னோ ஊர்ல எவ்வளவு நவாப் இருந்திருக்காங்க, ஏதாவது கிடைக்காமலா போகும்?" என்பது அவன் வாதம். சத்தம் வருவது சுலபம்டா, அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற வயசு இல்லை. சரி, அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் இரண்டு கதை இருக்கிறது. ஒன்று நாடே பார்த்தது. இன்னொன்று எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது.

முதல் கதை நடந்தது 2013 அக்டோபரில். அப்போது முதல் முறையாக லக்னோவுக்கு மாற்றலாகி வந்திருந்தேன். உன்னாவ் மாவட்டத்தில் கங்கைக் கரையில் டௌண்டியா கேரா என்று ஒரு கிராமம். அங்கே இடிந்துபோன ஒரு கோட்டை. ஷோபன் சர்க்கார் என்ற சாது, அந்தக் கோட்டையின் ராஜா தன் கனவில் வந்து, கீழே ஆயிரம் டன் தங்கம் இருப்பதாகச் சொன்னார் என்றார். அதைத் தனக்காகக் கேட்கவில்லை. நாட்டின் பொருளாதாரம் கஷ்டத்தில் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்துங்கள் என்று அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு மத்திய இணை அமைச்சர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை கருவிகளோடு வந்தது. அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை, தொல்லியல் துறை மண்வெட்டியை எடுத்தது.

'கனவை நம்பித் தோண்டுகிறார்களா?' என்று எல்லோரும் சிரித்தார்கள். தொல்லியல் துறை சொன்ன பதில் வேறு. கனவுக்காகத் தோண்டவில்லை, நிலவியல் துறை அறிக்கைக்காகத் தோண்டுகிறோம் என்றார்கள். அந்த அறிக்கையின் சாரம் இதுதான்: 5 முதல் 20 மீட்டர் ஆழத்தில், சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறுபட்ட, காந்தத் தன்மை இல்லாத ஒரு பகுதி தெரிகிறது. அது தங்கமாகவோ வெள்ளியாகவோ ஏதாவது கலப்பு உலோகமாகவோ இருக்கலாம். தோண்டிப் பார்ப்பது நல்லது.

இந்த 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வங்கியில் கடன் விண்ணப்பம் படிக்கிறவனுக்கு இந்தச் சொல் வந்தாலே கை நின்றுவிடும். காந்தத் தன்மை இல்லாதது தங்கம் மட்டும்தானா? செம்பும் இல்லை, பித்தளையும் இல்லை, ஈயமும் இல்லை. சுண்ணாம்புக் கல்லும், மணலும், வெறும் பொந்தும் கூடத்தான் இல்லை. 'இரும்பு அல்ல' என்பதற்கும் 'தங்கம்' என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்!

சாதாரண மெட்டல் டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது? ஒரு கம்பிச் சுருளில் மாறுமின்சாரத்தை ஓட விடுகிறார்கள். அதனால் உண்டாகும் காந்தப் புலம் மண்ணுக்குள் போகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சின்னச் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அது தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்பும். அதுதான் 'கீ'. ஒரு காசை ஓர் அடி, அதற்குக் கொஞ்சம் கூடுதல் ஆழத்தில் பிடிக்கலாம். பெரிய பொருளென்றால் ஒன்றிரண்டு மீட்டர். அதற்குமேல் ஆழமென்றால் பூமியின் மின்தடை, காந்தம் இவற்றை அளந்து, வித்தியாசம் எங்கே என்று ஊகிக்க வேண்டியதுதான்.

இந்தக் கருவியின் ஆரம்பக் கதையே ஏமாற்றம்தான். 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. டெலிபோன் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவி செய்துகொண்டு ஓடி வந்தார். சத்தம் வந்தது, ஆனால் குழப்பமாக வந்தது. படுக்கையில் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பியதாகச் சொல்கிறார்கள். அதோடு, குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று நம்பிய டாக்டர், அந்தப் பக்கம் மட்டுமே தேட விட்டார். செப்டம்பர் 19-ல் ஜனாதிபதி இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடது பக்கம் இருந்தது. நாம் எங்கே தேட ஆசைப்படுகிறோமோ அங்கேதான் கருவியும் போகிறது.

சரி, உன்னாவுக்கு வருவோம்.

தோண்ட ஆரம்பித்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சக ஊழியர் ஒருவரோடு நானும் போயிருந்தேன் (வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்). தடுப்புக் கட்டை, போலீஸ், டி.வி. வண்டிகள். பக்கோடா, சமோசா, டீக்கடை என்று திருவிழாவே நடந்தது. குழி இருந்த பக்கம் நெருங்கவே முடியவில்லை. திரும்பும் வழியில் என் மண்டைக்குள் ஒரே கணக்கு.

ஆயிரம் டன் என்றால் அன்றைய விலைக்கு, பத்து கிராம் முப்பதாயிரம் என்று வைத்தால், மூன்று லட்சம் கோடி ரூபாய். அன்றைக்கு ரிசர்வ் வங்கியிடம் இருந்த தங்கமே 557.75 டன். 1991-ல் நாடு திவாலாகும் நிலையில் வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது சுமார் 47 டன். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உயிரைக் கொடுத்து வெட்டிய கோலார் தங்கவயல், 2001-ல் மூடும் வரை சுமார் 120 வருடத்தில் கொடுத்தது 800 டன்னுக்குக் கொஞ்சம் மேல். கோலாரையும் மிஞ்சிய தங்கத்தை ஒரு தாலுக்தார் தன் கோட்டைக்கடியில் வைத்திருந்தாரா? மாட்டுவண்டிக்கு அரை டன் ஏற்றினாலும் இரண்டாயிரம் வண்டி வேண்டும். ஊரில் ஒருவர் கண்ணிலுமா படாமல் போகும்?

ஆனால் அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை பயமுறுத்தியது. தங்க இறக்குமதி வரி ஒரே வருடத்தில் 4 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக ஏறியது. அப்படி ஒரு சமயத்தில் 'காலடியிலேயே தங்கம்' என்றால் யாருக்குத்தான் கேட்கக் கசக்கும்? எங்கள் மாடியில் குடியிருந்த மதுரைக்கார அக்கா, மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கப் போனவர், "அந்தத் தங்கம் வெளியே வந்தா விலை இறங்குமாமே, கொஞ்சம் பொறுக்கட்டுமா தம்பி?" என்று என்னிடமே கேட்டார். "வாங்கிடுங்கக்கா" என்றேன்.

அந்த ராஜா கற்பனை இல்லை. ராவ் ராம் பக்ஷ் சிங், பைஸ் ராஜபுத்திரர். 1857 ஜூன் 27-ல் கான்பூர் சத்திசௌரா படித்துறையில் ஆங்கிலேயர் படகுகள் தாக்கப்பட்டன. தப்பிய ஒரு படகு கங்கையில் மிதந்து இந்தப் பக்கம் வந்தது. கரையேறிய ஒரு டஜனுக்குச் சற்று மேற்பட்ட சிப்பாய்கள் ஒரு சின்னக் கோயிலுக்குள் புகுந்துகொண்டார்கள். வெளியே ராம் பக்ஷின் ஆட்கள். வாசலில் தீ வைக்கப்பட்டது. அங்கிருந்து பாய்ந்து ஆற்றில் குதித்து நீந்திப் பிழைத்தவர்கள் நான்கே பேர். அவர்களில் ஒருவரான மௌப்ரே தாம்சன் அதையெல்லாம் எழுதி 1859-ல் புத்தகமாகவே போட்டார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பிறகு ராம் பக்ஷைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். கோட்டையை இடித்தார்கள். நிலத்தைப் பறிமுதல் செய்தார்கள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவர் இன்றும் தியாகி.

எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போன பிறகு ஊருக்கு மிச்சமிருந்தது ஒரு கதைதான். 'அவன் எடுத்தது கொஞ்சம், எடுக்காதது கீழே இருக்கிறது.' தோற்றுப்போன ராஜாவின் ஊரில் புதையல் கதை முளைப்பதை நான் கேலி செய்ய மாட்டேன். அது ஒரு வகையில் வைப்புத்தொகை. யாரும் எடுக்க முடியாது, அதனால் யாரும் பறிக்கவும் முடியாது.

தோண்டத் தோண்டக் கிடைத்தது என்ன? செங்கல் சுவர், பானை ஓடு, மண் அடுப்பின் துண்டு, கண்ணாடி வளையல் துண்டு, இரும்பு ஆணி, நம்மூரில் பாண்டி விளையாடுவோமே, அந்த மாதிரிச் சில்லு. நவம்பரில் வேலையை முடித்துக்கொண்டார்கள். தங்கம் ஒரு குண்டுமணி கூட இல்லை. கூட்டம் கலைந்தது, டி.வி. வண்டிகள் போயின. அந்தச் சாதுவும் 2020-ல் காலமாகிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொல்லியல் துறையைத் தொடங்கிய கன்னிங்ஹாம், ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் குறிப்பிட்ட ஓர் ஊர் இந்த டௌண்டியா கேராதான் என்று கருதினார். அந்தப் பெயரை அயோமுக என்றும் படிக்கலாம். 'இரும்பு முகம்' என்று அர்த்தம் வரும். ஊர் பெயரிலேயே இரும்பு என்று எழுதி ஒட்டியிருக்க, நாம் தங்கம் தேடினோம்!

இனி எங்கள் வீட்டுக் கதை.

விருதுநகர் பக்கம் எங்கள் ஊர். தாத்தா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவர் போன பிறகு, நான் பிறந்த 1977-ல், வீட்டுக் கிணற்றைத் தூர் வாரும்போது சேற்றோடு ஒரு கட்டி வந்தது. இரண்டு கையால் தூக்க வேண்டிய கனம். மேலே கல்லும் பாசியுமாக இறுகிப்போயிருந்தது. ஓரத்தில் சுரண்டினால் மஞ்சளாக மின்னியது. அவ்வளவுதான்! பெரியப்பா துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஆசாரியிடம் காட்டினால் ஊருக்குத் தெரியும், கலெக்டர் ஆபீசுக்குப் போகும் என்ற பயம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் வருடச் சட்டமே இருக்கிறது.

காட்டவில்லை. ஆனால் பாகம் பிரிக்கும்போது சண்டை வந்தது. "அண்ணன் அமுக்கிட்டான்" என்று அப்பா. "நம்பாதவன் கூட என்ன பேச்சு" என்று பெரியப்பா. முப்பது வருடத்துக்கு மேல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. 2011-ல் பெரியப்பா இறந்தபோது அப்பா தெருவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

உன்னாவ் கூத்துக்குப் பிறகு, 2014 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் கேட்டேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். துணி முடிச்சுக்கூட அவிழ்க்கப்படவில்லை.

நகைக்கடன் பார்த்த காலத்தில் அப்ரைசர் ஒருவர் சொல்லிக் கொடுத்த வித்தை இது. புளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துச் சுரண்டினேன். பச்சைப் பச்சையாகக் களிம்பு வந்தபோதே பாதி தெரிந்துவிட்டது. தங்கம் களிம்பு ஏறாது. பிறகு எடை: 2,785 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டால் 2,457. குறைந்தது 328. முன்னதைப் பின்னதால் வகுத்தால் எட்டரை. தங்கமென்றால் 19.3 வர வேண்டும். எட்டரை என்றால் பித்தளை.

ஆனால் என்னை உட்கார வைத்தது அந்த 2,785. பழைய சென்னை வீசைக்கு நாற்பது பலம், 120 தோலா, ஏறக்குறைய 1,400 கிராம். இரண்டு வீசை 2,800. களிம்பில் போனது பதினைந்து கிராம். கையில் உருட்டிப் பார்த்தேன். அடி தட்டை, மேலே வட்டம். அது எடைக்கல்! 1960களின் தொடக்கத்தில் கிலோ முழுமையாக வந்தபோது பழைய கற்களெல்லாம் செல்லாமல் போயின. அப்போது தாத்தாவோ கடைப் பையனோ கிணற்றில் போட்டிருக்க வேண்டும்.

அப்பாவிடம் கொண்டுபோய் வைத்தேன். கணக்கைச் சொல்லவே விடவில்லை. உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"கடைக் கல்லுல்ல இது? சின்னப் புள்ளையில நானும் அண்ணனும் தூக்க முடியாமத் தூக்குவோமே..."

அன்றைக்குச் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கல் இப்போது அந்த வீட்டில், பெரியப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது.

அரை மணி நேர வேலை, ஒரு தராசு, ஒரு வாளித் தண்ணீர். 1977-லேயே செய்திருக்கலாம். செய்திருந்தால் தங்கம் போயிருக்கும், அண்ணன் தம்பி மிஞ்சியிருப்பார்கள். உங்கள் ஊர் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு முடிச்சு இருந்தால், அடுத்த லீவுக்குப் போகும்போது தயவுசெய்து அவிழ்த்துப் பாருங்கள்.

கொசுறு: 2015-ல் ஆஸ்திரேலியாவில் மேரிபரோ பக்கம் ஒருவர் மெட்டல் டிடெக்டரில் 17 கிலோ கல் ஒன்றைக் கண்டெடுத்தார். தங்கச் சுரங்க வட்டாரம், உள்ளே தங்கம் இருக்கும் என்று நம்பி ரம்பம், டிரில், ஆசிட், சம்மட்டி எல்லாம் போட்டுப் பார்த்தார். உடையவில்லை. கடைசியில் மெல்போர்ன் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அது விண்கல்! வயது 460 கோடி வருடம். கேட்டுத் தெரிந்துகொண்டதால்தான் அவருக்கு லாபம். பையனிடம் இதைச் சொல்லியிருக்கவே கூடாது. மறுபடி டிடெக்டர் கேட்கிறான்.