மொரிஷியஸ்: மக்கள்தொகை, இனம், சமயம்

இந்தியப் பெருங்கடலில் உள்ள இத்தீவு நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 12.5 லட்சம். ஐரோப்பியர் வருமுன் இங்கே குடிகள் இல்லை. இன்றுள்ள எல்லோருமே கடல் தாண்டி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் 1835இல் விடுதலை பெற்றனர். அதற்குச் சற்று முன்பே, 1834இல், கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கினர். சுமார் 4.5 லட்சம் பேர் வந்திறங்கினர். போர்ட் லூயிஸில் அவர்கள் கால்வைத்த ஆப்ரவாசி காட், 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். தமிழர் வருகை இன்னும் பழையது: பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேயே புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர்கள் வந்துவிட்டனர்.

2011 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் ஏறக்குறைய 48 விழுக்காடு, கிறித்தவர் 32, முஸ்லிம்கள் 17. இந்நாட்டைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவில் மட்டும் கத்தோலிக்கக் கிரியோல் மக்களே (பெரும்பாலும் அடிமைகளின் வழித்தோன்றல்கள்) மிகப் பெரும்பான்மையினர். இங்கே பணியாற்றிய கத்தோலிக்கப் பாதிரியார் லவாலின் சமாதிக்குச் செப்டம்பரில் இந்துக்களும் முஸ்லிம்களும்கூடச் செல்வதுண்டு. தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. ரூபாய் நோட்டிலும் தமிழ் உண்டு. 1998இல் வழக்கமான வரிசை மாறி இந்திக்குக் கீழே தமிழ் அச்சிடப்பட்டபோது தமிழரிடையே எழுந்த எதிர்ப்பால் அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

1972க்குப் பின் கணக்கெடுப்பில் இனம் கேட்கப்படுவதில்லை, நல்ல முடிவுதான். ஆனால் நாடாளுமன்றத்தில் சமூகச் சமநிலைக்கென ஒதுக்கிய எட்டு கூடுதல் இடங்களை நிரப்ப இன்னும் அந்தப் பழைய எண்ணிக்கையே அடிப்படை. அரை நூற்றாண்டு மாற்றத்தை அது காட்டாது.