தம்புரா எங்கே போயிற்று? கம்பிக்குள் இசை பட்ட பாடு



என்னிடம் படித்த பெண்களில் நான்கைந்து பேர் இன்று வீடியோ வகுப்பில் பாட்டும் பரதமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் தொடங்கியது, இப்போது அவர்களுக்கு அதுவே பிழைப்பு. ஆளுக்கொரு நேரத்தில் போன் செய்தாலும் கேள்வி ஒன்றுதான். "ஐயா, நான் பேசுவது அந்தப் பக்கம் கணீரென்று கேட்கிறது. தம்புரா வைத்தால் இரண்டு மூன்று விநாடியில் காணாமல் போகிறது. பாட்டுப் போட்டால் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. நெட் நன்றாகத்தான் இருக்கிறது. ஏன்?"

போனில் சொல்லி முடியவில்லை. இதற்குப் பின்னால் ஏறக்குறைய 150 ஆண்டுக் கதை இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். இயற்பியல் வாத்தியார் எழுதுவது, கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது பேச்சு, எது இரைச்சல் என்று நமக்காக வேறு யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் தம்புரா இரைச்சல் பக்கம் விழுந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், தொலைபேசி பிறந்ததே சுரங்களிலிருந்துதான். 1870களில் அமெரிக்காவில் ஒரே தந்திக் கம்பியில் பல செய்திகளை ஒரே சமயத்தில் அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சுரத்தைக் கொடுத்துவிட்டால், மறுமுனையில் அந்தந்தச் சுரத்துக்கு அதிர்கிற தகடு தன்னுடையதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும் என்பது யோசனை. இசைக்கவையைத் தட்டி ஒத்ததிர்வு காட்டினேனே, அதே தத்துவம். எலிஷா கிரே, அலெக்சாண்டர் கிரகாம் பெல் இருவரும் இதில்தான் இறங்கியிருந்தார்கள். பெல் நம்மைப் போல ஒரு வாத்தியார். பாஸ்டனில் காது கேளாதவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர். சுரங்களை அனுப்ப வழி தேடியவர், 1876 மார்ச் மாதத்தில் மனிதக் குரலையே கம்பியில் அனுப்பிவிட்டார்.

அடுத்த ஐந்தாம் ஆண்டில் இசையும் கம்பியில் ஏறிவிட்டது. 1881-ல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அடேர் என்ற பொறியாளர், ஒபேரா அரங்கின் மேடை விளிம்பில் வரிசையாக ஒலிவாங்கிகளை வைத்து, அங்கே பாடுவதைக் கண்காட்சிக்கு வந்தவர்கள் கேட்கும்படி செய்தார். ஒரு காதுக்கு ஒன்றாக இரண்டு கேட்புக்கருவிகள். மேடையில் பாடகர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதுகூடத் தெரிந்ததாம். இன்று நாம் ஸ்டீரியோ என்கிறோமே, அதற்கு அதுதான் தொடக்கம். பிறகு பாரிஸில் சந்தா கட்டி வீட்டிலிருந்தே ஒபேரா கேட்கும் சேவை வந்து 1932 வரை நடந்தது. புடாபெஸ்ட் நகரில் 1893-ல் திவதர் புஷ்காஷ் தொடங்கிய தொலைபேசிப் பத்திரிகை, செய்தியோடு இசையையும் வீடுகளுக்கு அனுப்பியது. வானொலி வருவதற்குப் பல ஆண்டு முந்தைய கதை இது.

அப்படியானால் இசை எங்கே தொலைந்தது? கணக்குப் பிள்ளையின் ஏட்டில்தான். ஊருக்கு ஊர் கம்பி இழுப்பது பெரிய செலவு. ஒரே கம்பியில் பல பேச்சுகளை அடுக்கினால்தான் கட்டுப்படியாகும். ஒவ்வொரு பேச்சுக்கும் எவ்வளவு இடம் கொடுப்பது? நம் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆனால் எதிராளி சொல்வது புரிய 300 முதல் 3,400 வரை இருந்தாலே போதும். ஆகவே ஆளுக்கு 4,000 ஹெர்ட்ஸ் என்று பாத்தி கட்டினார்கள். வானொலி நிலையங்களுக்கு இசை அனுப்ப வேண்டுமென்றால் அதற்கு அகலமான தனித் தடம், தனிக் கட்டணம். பேச்சுக்கு ஒரு பாதை, இசைக்கு ஒரு பாதை என்று அன்றைக்கே இரண்டாகப் பிரிந்துவிட்டது.

நம் ஊர் சுருதியை இந்தப் பாத்திக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஷட்ஜம் அதில் பாதி. இரண்டுமே 300-க்குக் கீழே, அதாவது வாசற்படிக்கு வெளியே. இருந்தும் போனில் அப்பாவின் கனத்த குரலை நாம் அடையாளம் காண்கிறோமே எப்படி? மேலே உள்ள கிளைச்சுரங்களை வைத்துக்கொண்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. தம்புராவின் உயிரும் இந்தக் கிளைச்சுரங்களில்தான். அதன் வளைந்த குதிரையும், அதில் நாம் செருகும் ஜீவா நூலும் சேர்ந்து எப்படி இத்தனை கிளைச்சுரங்களை எழுப்புகின்றன என்று சி.வி. ராமன் 1921-ல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். பழைய தொலைபேசிப் பாதை தம்புராவின் காலையும் வெட்டியது, தலையையும் வெட்டியது.

குரலையும் வாத்தியத்தையும் கலப்பது என்பதும் ஒரு தனிக் கலை. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கவுஹர் ஜான் பாட, ஃபிரெட் கைஸ்பெர்க் பதிவு செய்த காலத்தில் மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்றுதான். பாடுகிறவர் புனலுக்குள் முகத்தைக் கொடுக்க வேண்டும், சத்தமான வாத்தியம் தள்ளி உட்கார வேண்டும். தூரம்தான் அன்றைய மிக்சர். (தின்கிற மிக்சர் இல்லை!) 1925-ல் மின்சார முறைப் பதிவு வந்த பிறகு ஆளுக்கொரு மைக் வைத்து, எதைக் கூட்டுவது எதைக் குறைப்பது என்று ஒருவர் கையால் திருகிச் சரிசெய்தார். இலங்கை வானொலியில் பாட்டின் தொடக்க இசை மெல்லத் தாழ, அதன் மேல் அறிவிப்பாளர் குரல் வந்து, பிறகு இசை மீண்டும் எழும்புமே, என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கைக்குப் பின்னால் ஒரு காது இருந்தது. வீடியோ வகுப்பில் அந்த வேலையை மென்பொருள் செய்கிறது. அதற்குப் பேச்சுக் காது மட்டும்தான் உண்டு.

அந்தக் காது எப்படி உருவானது? மூன்று படிகளாகச் சொல்கிறேன்.

முதல் படி சுருக்குவது. 1972-ல் தொலைபேசிக் குரலை எண்களாக்க ஒரு உலகத் தரம் வந்தது. விநாடிக்கு 8,000 மாதிரிகள், மொத்தம் 64,000 பிட். செல்போனுக்கு இதுவும் அதிகம். அப்போது கை கொடுத்தது, நம் நாட்டில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பிஷ்ணு அடல் போன்றவர்களின் ஆராய்ச்சி. தொண்டையும் வாயும் ஒரு குழாய், அந்தக் குழாயின் வடிவத்தை மட்டும் எண்களாக அனுப்பினால் மறுமுனையில் குரலைக் கட்டி எழுப்பிவிடலாம் என்பது அதன் சாரம். அடலும் மான்ஃபிரெட் ஷ்ரோடரும் 1985-ல் வெளியிட்ட முறையின் வழித்தோன்றல்கள்தான் பின்னால் வந்த பல செல்போன் குரல் முறைகள். அபாரமான அறிவு, சந்தேகமில்லை. ஆனால் வீணைக்குத் தொண்டை ஏது? எந்த அலுவலகத்துக்காவது போன் செய்து, "காத்திருங்கள்" என்று போடும் இசையைக் கேட்டால் நான் சொல்வது புரியும்.

இரண்டாம் படி எதிரொலியை அழிப்பது. உங்கள் ஸ்பீக்கரில் வரும் என் குரல் உங்கள் மைக்கில் புகுந்து என்னிடமே திரும்பி வரக் கூடாது. இதற்கும் பெல் ஆய்வகத்தில்தான் 1960களில் வழி கண்டார்கள். அதில் முக்கியமானவர் மன்மோகன் சோந்தி, அவரும் இந்தியாவில் பிறந்தவர். ஸ்பீக்கரில் என்ன ஒலிக்கிறது என்பது கருவிக்குத் தெரியும். மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டியதுதான்.

மூன்றாம் படி இரைச்சலைக் கழிப்பது. 1979-ல் ஸ்டீவன் போல் எழுதிய கட்டுரை இதில் ஒரு மைல்கல். பேச்சு விட்டு விட்டு வரும், விசிறியோ எஞ்சினோ சீராக ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சு நிற்கும் இடைவெளியில் மீதி கேட்பது என்னவோ அதை அளந்து, மொத்தத்திலிருந்து கழித்துவிடு என்பது முறை. இன்றைய செயலிகள் இதைவிட நுட்பமாகச் செய்கின்றன. நோக்கம் மாறவில்லை.

இப்போது உங்கள் தம்புராவுக்கு வாருங்கள். வகுப்பு நடக்கிற அதே கம்ப்யூட்டரில் தம்புரா செயலியை ஓடவிட்டால், அது ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று இரண்டாம் படி கழித்துவிடும். வேறு போனில் வைத்தால், சீராக, நிற்காமல் ஒலிக்கிறதே, இது விசிறிதான் என்று மூன்றாம் படி கழித்துவிடும். சீராக நிற்காமல் ஒலிப்பதுதான் தம்புராவின் பெருமை. இங்கே அதுவே அதன் குற்றமாகிவிட்டது. இரண்டு விநாடி கேட்டுவிட்டு மறைவதற்குக் காரணம், மென்பொருள் "இது இரைச்சல்" என்று தீர்மானிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பாதை இன்று குறுகலாக இல்லை. 2012-ல் ஓபஸ் என்ற பொதுத் தரம் வந்தது. ஸ்கைப்பின் பேச்சு முறையையும், இசைக்காக உருவான வேறொரு முறையையும் ஒன்றாகச் சேர்த்தது அது. நெடுங்காலம் பிரிந்து கிடந்த இரண்டு பாதைகளும் மறுபடி கூடிய இடம் என்று சொல்லலாம். சாலை அகலமாகிவிட்டது, ஆனால் சுங்கச்சாவடியில் பழைய காவல்காரரே நிற்கிறார். ஊரடங்கில் இசை ஆசிரியர்களின் தேவை பெரிதான பிறகு, 2020-ல் ஜூம் இசைக்கென்று ஒரு தனி முறையையே சேர்த்தது. அமைப்புகளுக்குள் போய் நாமாகத் தேடித் திறக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலை எந்த மென்பொருளாலும் முழுக்கத் தீர்க்க முடியாது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. கச்சேரி மேடையில் பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் என்றால், 6 மில்லி விநாடித் தாமதம். சுமார் 25, 30 மில்லி விநாடி வரை சமாளித்துச் சேர்ந்து வாசிக்கலாம். அதைத் தாண்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்துக் காத்துக் காலப்பிரமாணம் இழுத்துவிடும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து நியூயார்க் 13,000 கிலோமீட்டருக்கு மேல். நேர்கோட்டில் போனாலே 65 மில்லி விநாடி, செயலியின் தாமதம் தனி. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃபும் அவர் குழுவினரும் உருவாக்கிய ஜாக்டிரிப் போன்றவை செயலியின் தாமதத்தைக் குறைக்கும், ஒளியை அவசரப்படுத்த முடியாது.

சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். வீடியோ வகுப்பில் பிதா பயணத்தில் மாட்டிக்கொள்கிறார். மாதாவை மட்டும் இரண்டு வீட்டிலும் உட்கார வைக்கலாம். ஆகவே நான் சொல்லும் வழி இது.

தம்புராவை அனுப்ப முயலாதீர்கள். குழந்தையின் வீட்டில், வகுப்பில் இல்லாத இன்னொரு போனில், அதே கட்டையில் தம்புரா ஓடட்டும். உங்கள் பக்கமும் அப்படியே. சுருதிக்குக் காலக்கணக்கு கிடையாது, தாமதம் அதை ஒன்றும் செய்யாது.

சேர்ந்து பாடாதீர்கள். நீங்கள் பாடி முடித்ததும் குழந்தை பாடட்டும். குருகுலத்திலும் சந்தை சொல்வது அப்படித்தானே.

பதிவான பாட்டைக் கேட்கச் செய்ய வேண்டுமானால் ஸ்பீக்கரில் போட்டு மைக்கிடம் காட்டாதீர்கள். ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது கம்ப்யூட்டர் ஒலியையும் சேர்த்துப் பகிரும் வசதி உண்டு. அது மைக் பக்கமே போகாது. உங்கள் குரலுக்கு இடம் விட்டுப் பாட்டின் அளவைப் பாதியாக வையுங்கள்.

பரதம் என்றால் பாட்டு ஆடுகிறவர் பக்கம் ஒலிக்கட்டும். அப்போதுதான் காலடியும் தாளமும் ஒன்றாக உங்களிடம் வந்து சேரும். இரு பக்கமும் அசல் ஒலி அமைப்பைப் போட்டு, இரைச்சல் நீக்கத்தை நிறுத்திவிடுங்கள். எதிரொலி வராமலிருக்கக் கம்பி வைத்த இயர்போன் போதும். புளூடூத் வேண்டாம். அது தாமதத்தையும் கூட்டும், அதன் மைக் வேலை செய்யத் தொடங்கினால் பல கருவிகளில் ஒலி மறுபடி பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும்.

பெற்றோராக இருக்கும் என் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. சுருதி இல்லாமல் ஒரு வருடம் பாடிப் பழகிய குழந்தையின் காதைத் திருப்பி நேராக்குவது எவ்வளவு சிரமம் என்று எந்தப் பாட்டு டீச்சரைக் கேட்டாலும் சொல்வார். விலை உயர்ந்த மைக் வாங்கித் தர வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனைத் தம்புராவாக்கிக் கொடுங்கள்.

கடைசியாக, மென்பொருள் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு. உங்களில் சிலர் இந்த ஒலித் துறையிலேயே இருக்கிறீர்கள் என்று அறிவேன். பெல்லோ சோந்தியோ இசைக்கு எதிரிகள் இல்லை. முன்னால் இருந்த பிரச்சினைக்கு அவர்கள் விடை கண்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மேசையில் தம்புரா இல்லை. உங்கள் மேசையில் இருக்கட்டும். இரைச்சல் என்று ஒன்றுக்குப் பெயர் சூட்டும் முன், அதைக் கேட்டு யாராவது பாடிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் போலக் கை தூக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்