ஆர்.சி. புக்ல ஒரு நம்பர், வெள்ளிமலை ஏத்தத்துல ஒரு நம்பர்

அமெரிக்க பிக்கப் விளம்பரம் பார்த்திருப்பீங்க. பின்னாடி ஒரு பெரிய படகைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போவாங்க. கீழ "5 டன் இழுக்கும்"னு ஒரு வரி. அந்த நம்பரை ரொம்ப காலம் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடிச்ச மாதிரி அளந்து போட்டுக்கிட்டு இருந்தாங்க. 2008லதான் எஸ்.ஏ.இ. அமைப்பு ஜே2807ன்னு ஒரு பொது விதி கொண்டுவந்தது. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அளவுகோலே ஒரு மலைதான். அரிசோனாவுல டேவிஸ் அணைப் பக்கத்துல சுமார் 18 கிலோமீட்டர் ஏத்தம். நல்ல வெயில்ல, ஏசியை முழுசா போட்டுக்கிட்டு, குறைஞ்ச வேகத்துக்குக் கீழ இறங்காம சுமையை மேல இழுத்துப் போகணும். டொயோட்டா 2011 மாடல்கள்ல இதை முதல்ல ஏத்துக்கிட்டப்போ, அவங்களோட சில வண்டிகளோட நம்பர் குறைஞ்சுபோச்சு. சாஃப்ட்வேர்காரங்களுக்கு இது பழகின கதைதான். டெஸ்ட் சர்வர்ல பறக்கும், லைவ்ல போட்டா மூச்சு வாங்கும்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். கள்ளக்குறிச்சி சமவெளி கரும்பு ஊரு. மூங்கில்துறைப்பட்டுல ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, கச்சிராயபாளையத்துல இன்னொண்ணு. அரவைக் காலத்துல டிராக்டருக்குப் பின்னாடி மலை மாதிரி கரும்பு கட்டின டிரெய்லர் போறதைப் பார்க்கலாம். இழுக்கிறதுக்கு டிராக்டர் போதும். நிறுத்துறதுதான் சிக்கல். இந்த மாதிரி டிரெய்லர் பலதுல தனி பிரேக் கிடையாது. அதனால பின்னாடி வர்ற மொத்த எடையையும் முன்னாடி இருக்கிற வண்டியேதான் பிடிச்சு நிறுத்தணும்.

கச்சிராயபாளையம் தாண்டினா கல்வராயன் மலை ஆரம்பிக்குது. இந்த மலை 1976 வரைக்கும் மூணு ஜாகிர்தார்கள் கையில இருந்தது. சுமை வண்டி அங்க பரவலானது ரொம்பப் பின்னாடிதான். 2005ல டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டியானை, ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினோட வந்தது. அதுல முக்கால் டன் ஏத்தலாம். சின்ன ஊருக்கும் ஒரு சரக்கு வண்டி கட்டுப்படியாகும்னு அது காட்டுச்சு. மலைக்கு அதைவிட பொலேரோ மாதிரி பெரிய பிக்கப்தான் தோது. மாடலைப் பொறுத்து ஒண்ணேகால் டன்ல இருந்து ரெண்டு டன் வரைக்கும் ஏத்தலாம். மேல விளையுற மரவள்ளிக்கிழங்கு கீழ ஜவ்வரிசி ஆலைக்கு வர்றது இந்த மாதிரி வண்டிகள்லதான்.

ஆர்.சி. புக்ல ரெண்டு எடை இருக்கும். ஒண்ணு காலி வண்டியோட எடை. இன்னொண்ணு, வண்டி, டீசல், டிரைவர், சரக்கு எல்லாம் சேர்த்து அதிகபட்சமா எவ்வளவு இருக்கலாம்ங்கிற மொத்த எடை. அந்த மொத்தத்தைத் தாண்டக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது. சில பேர் பின்னாடி கூடுதலா ஒரு ஸ்பிரிங் பட்டை போட்டுட்டு "இப்போ தாங்கும்"னு சொல்வாங்க. பாடி கீழ உட்காராது, அவ்வளவுதான். பிரேக்கும் ஆக்சிலும் சேஸும் பழசுதானே?

மலையில என்ன ஆகுதுன்னு ஒரு சின்ன கணக்கு போடலாம். மொத்த எடை 3 டன். 600 மீட்டர் உயரத்துல இருந்து கீழ இறங்குறீங்க. வெளியேற வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 5 யூனிட் கரண்ட். ஒரு ஏசி மூணு, நாலு மணி நேரம் ஓடுற அளவு. நியூட்ரல்ல விட்டா காத்தும் டயரும் எடுத்துக்கிறது போக மீதி முழுக்க பிரேக் டிரம்முல சூடா மாறும். சூடு ஏற ஏற பிரேக் பிடிக்காது. எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்குன்னு பழைய டிரைவர்கள் சொல்றது இதனாலதான். அந்தச் சூட்டுல ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கும்.

இதுவரைக்கும் சரக்கு. ஆனா பஸ் எப்போவாவது வர்ற மலை கிராமத்துல பிக்கப்தான் பஸ். சந்தை, கல்யாணம், கோயில், வேலை எல்லாத்துக்கும் அதுலதான். இங்கதான் அந்த நம்பர் நம்மை ஏமாத்துது. ஆளுக்கு 55 கிலோன்னா 30 பேருக்கு 1,650 கிலோ. 1.7 டன் ஏத்துற பிக்கப்புக்கு அது காகிதத்துல ஓவர்லோடே இல்ல! ஆனா மரவள்ளி மூட்டை தரையோட படுத்திருக்கும், ஆளுங்க நின்னுக்கிட்டு வருவாங்க. வளைவுல எல்லாரும் ஒரே பக்கம் சாய்வாங்க. எடை மையம் மேல ஏறிடும். பிடிக்க ஒரு கம்பி, இல்லன்னா பக்கத்துல நிக்கிறவங்க தோள். 2022 ஏப்ரல்ல ஜவ்வாது மலையில, திருப்பத்தூர் மாவட்டம் சேம்பரை பக்கத்துல, கோயிலுக்கு ஆளுங்களை ஏத்திட்டுப் போன மினி லாரி பள்ளத்துல கவிழ்ந்து 11 பேர் இறந்தாங்க.

லைசென்ஸும் எடையை வச்சுத்தான். மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருந்தா, கார் ஓட்டுற இலகுரக லைசென்ஸே சரக்கு வண்டிக்கும் செல்லும்னு உச்ச நீதிமன்றத்தோட 5 நீதிபதி அமர்வு 2024 நவம்பர்ல உறுதி செஞ்சது. தனி உரிமம் இல்லைங்கிற ஒரே காரணத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க முடியாது. டிரைவர்களுக்கு இது பெரிய நிம்மதி, நியாயமான தீர்ப்புன்னுதான் நினைக்கிறேன்.

ஆனா அபராதப் பட்டியல் எனக்கு உறுத்துது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் சரக்கு எடை மீறினா 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதல் டன்னுக்கு 2,000. அதே சட்டத்துல போக்குவரத்து வண்டியில அனுமதிக்கு மேல ஏத்தின ஒவ்வொரு ஆளுக்கும் 200 ரூபாய்.