அச்சகம் நிறுவிய ஆசிரியர்: வித்தியாசாகரின் நூல் வெளியீட்டு முயற்சி

நூலாசிரியரே தம் நூலை அச்சிட்டு விற்கும் முயற்சி இந்தியாவில் புதியதன்று. கல்கத்தாவில் ஈசுவர சந்திர வித்தியாசாகர் (1820–1891) அதனைத் தம் வாழ்வாதாரமாகவே ஆக்கிக்கொண்டார்.

1847இல் நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காரருடன் இணைந்து அவர் சமஸ்கிருத அச்சகத்தைத் தொடங்கினார். அச்சுப்பொறி வாங்கக் கைப்பொருள் இல்லை. மற்றொரு நண்பரிடம் 600 ரூபாய் கடன் பெற்றார். அக்கடனை அடைத்த விதம் கருதத்தக்கது. பாரதசந்திரரின் ‘அன்னதாமங்கல்’ காவியத்தைக் கிருஷ்ணநகர் அரண்மனைச் சுவடியைக்கொண்டு பிழைநீக்கிப் பதிப்பித்தார். வில்லியம் கோட்டைக் கல்லூரி படியொன்று 6 ரூபாய் வீதம் 100 படிகளை வாங்கியது. கடன் முழுதும் தீர்ந்தது. அச்சேற்றுமுன்னரே வாங்குவோரை அறிந்துகொள்ளும் இவ்வணிகத் தெளிவு பண்டிதர்களிடம் அரிதாகவே காணப்படுவது.

அச்சகம் கைவசம் இருந்தமை எழுத்துச் சீர்திருத்தத்திற்கும் வழிவகுத்தது. 1855இல் வெளியிட்ட ‘வர்ணபரிசய’த்தில் வங்கமொழியில் வழக்கிலில்லாத உயிரெழுத்துகள் இரண்டை நீக்கினார். அச்சுக்கோப்பவர் எளிதில் எடுக்குமாறு எழுத்துப்பெட்டியின் அறைகளை மாற்றியமைத்தார். அவ்வமைப்பு அவர் பெயராலேயே வழங்கிற்று. பிறர் அச்சகத்தை நம்பியிருந்த ஆசிரியருக்கு இஃது இயன்றிருக்குமா என்பது ஐயமே.

1858இல் கருத்து வேறுபாட்டால் சமஸ்கிருதக் கல்லூரி முதல்வர் பதவியைத் துறந்தார். மாதம் 500 ரூபாய் ஊதியம் நின்றது. நூல் வருவாய் அவரைத் தாங்கியது. எனினும், கைம்பெண் மறுமணங்களுக்குத் தாமே செலவிட்டதால் கடன் பெருகிற்று. பின்னாளில், கடன் வாங்கி நிறுவிய அச்சகத்தின் பங்குகளைக் கடனுக்காகவே விற்க நேர்ந்தது.