துணையாக வந்தவர் தலைவரான கதை – 1969

துணை அதிபர் வேட்பாளராக யாரை நிறுத்துகிறார்கள் என்பதால் அமெரிக்கத் தேர்தல் முடிவு மாறுமா என்று சிப்காட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் மாறாது. 1960இல் கென்னடி, டெக்சாஸ்காரரான ஜான்சனைச் சேர்த்துக்கொண்டதை உதாரணம் காட்டுவார்கள். டெக்சாஸின் 24 தேர்வாளர் வாக்குகளைக் கழித்தாலும் கென்னடிக்கு 279 மிஞ்சும், தேவை 269தான். மற்ற தென் மாநிலங்களில் ஜான்சன் உதவினார் என்பது வேறு கணக்கு.

நம் நாட்டில் இப்படி ஜோடி சேர்ந்து நிற்பதில்லை. குடியரசுத் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் தனித்தனித் தேர்தல். ஆனாலும் துணைத் தலைவராக யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஒரு குடியரசுத் தலைவர் தேர்தலையே புரட்டிப் போட்டது இங்கேதான்.

1967இல் காங்கிரஸ் ஜாகிர் உசேனைக் குடியரசுத் தலைவர் பதவிக்கும், வி.வி. கிரியைத் துணைத் தலைவர் பதவிக்கும் நிறுத்தியது. கிரி ரயில்வே தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். வங்கி ஊழியர் தீர்ப்பாய விவகாரத்தில் 1954இல் மத்திய தொழிலாளர் அமைச்சர் பதவியையே உதறியவர். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை.

1969 மே 3இல் ஜாகிர் உசேன் காலமானார். கிரி தற்காலிகக் குடியரசுத் தலைவர் ஆனார். ஜூலையில், நம் ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில் காங்கிரஸ் கூடியது. இந்திரா காந்தி சொன்ன ஜகஜீவன் ராமைத் தள்ளிவிட்டு, மூத்த தலைவர்கள் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கினார்கள். காமராஜரும் அவர்கள் பக்கம்தான். ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கிரி கையெழுத்திட்டார். மறுநாளே ராஜினாமா செய்தார், சுயேச்சையாகப் போட்டியிட. இந்திரா 'மனச்சாட்சிப்படி' வாக்களிக்கச் சொன்னார்.

துணைத் தலைவர் நாற்காலியில் அடக்கமான ஒருவர் இருந்திருந்தால், கட்சி முடிவை எதிர்க்க இந்திராவுக்கு ஆள் ஏது? வெளியிலிருந்து அவசரமாக ஒருவரைத் தேடியிருந்தால் இத்தனை கட்சிகள் ஒன்று சேர்ந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

எண்ணிக்கைதான் சுவாரசியம். வெற்றிக்குத் தேவை 418,169. முதல் விருப்பு வாக்குகளில் கிரி 401,515, ரெட்டி 313,548, தேஷ்முக் 112,769. யாருக்கும் போதவில்லை. மற்றவர்களை நீக்கி அடுத்த விருப்பு வாக்குகளைச் சேர்த்தபோது ரெட்டிக்கு 91,879 கூடியது, கிரிக்கு வெறும் 18,562. கடைசியில் 420,077க்கு 405,427. வித்தியாசம் 14,650.

நம் மாநிலமும் மூன்றாகப் பிரிந்து நின்றது. காமராஜர் ரெட்டி பக்கம். நம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தேஷ்முக் பக்கம். ஆளும் தி.மு.க. கிரி பக்கம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அன்று தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 144. கிரிக்குப் போட்டவர்களில் 51 பேர் ரெட்டிக்கு மாற்றிப் போட்டிருந்தால் 7,344 இங்கே குறைந்து அங்கே கூடும், மொத்தம் 14,688. கிரி 38 வாக்கு மதிப்பில் தோற்றிருப்பார்!

அதே ஆண்டு நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. அந்த நாட்களில் பெங்களூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், கிரி வென்ற செய்தியைத் தொழிலாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கீழே எழுதுங்கள்.